பட்டனுக்குப் பசிக்கவில்லை

சுண்டுவின் வீட்டில் யாரும் பசியோடு இருக்க முடியாது. இருக்கலாம் என்று நினைத்தாலும் அம்மா விடமாட்டாள்.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் கேன்டீனில் சமையல் வேலை பார்க்கிறாள். தினமும் முந்நூறு பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவாள். வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள். ஒருமுறை குழாய் ரிப்பேருக்கு வந்தவர், வேலையைத் தொடங்கும் முன் ஒரு தடவையும் முடித்த பின் இன்னொரு தடவையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். தபால்காரர் தெருவுக்கெல்லாம் காலையில் தபால் கொடுப்பார். இந்த வீட்டுக்கு மட்டும் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வருவார்.

அப்படிப்பட்ட வீட்டில் ஓர் உயிர் ஒன்பது நாளாகச் சாப்பிடாமல் இருந்தால் சும்மா விடுவார்களா?

அந்த உயிரின் பெயர் பட்டன். அது ஒரு டாரண்டுலா சிலந்திக் குட்டி. உடம்பெல்லாம் பழுப்பு நிற ரோமம். எட்டுக் கால்களையும் மடக்கி உட்கார்ந்தால் ஒரு கோட்டுப் பட்டன் அளவுதான் இருக்கும். அதனால்தான் சுண்டு அந்தப் பெயரை வைத்தாள்.

சுண்டுவின் பெயர்க் கதையும் கிட்டத்தட்ட இதேதான். பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாளாம். இப்போது பத்து வயதாகிறது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பட்டனைக் கொடுத்தது மாமா, அதாவது அம்மாவின் தம்பி. அவர் விலங்குக் காட்சிச்சாலையில், பூச்சிகளுக்கென்றே இருக்கும் கட்டடத்தில் வேலை செய்கிறார். சுண்டு ஒரு வருடமாகக் கெஞ்சிய பிறகுதான் மனம் இறங்கினார். அப்போதும் ஒரு நிபந்தனை போட்டார்.

"இது விளையாட்டுச் சாமான் இல்ல சுண்டு. இது வளரணும்னா பழைய தோலை உரிச்சுப் போட்டுட்டு வெளியே வரணும். அந்த நேரத்துலதான் இதுக்கு ஆபத்து அதிகம். அதை உன் பொறுப்புல நல்லபடியா தாண்டுச்சுன்னா பட்டன் உன்னோடது. இல்லன்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?"

"சரி மாமா" என்றாள் சுண்டு. அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பட்டனைக் கவனித்தாள்.

பட்டனின் வீடு, செருப்புப் பெட்டி அளவுள்ள ஒரு கண்ணாடிப் பெட்டி. கீழே தேங்காய் நார்த்தூள், நடுவில் வளைந்த மரப்பட்டை ஒன்று, மூலையில் தண்ணீர் ஊற்றி வைக்க ஒரு பாட்டில் மூடி. பக்கத்தில் இன்னொரு ஜாடி. அதில் பட்டனின் சாப்பாடு, உயிரோடு குதித்துக்கொண்டிருக்கும் சுவர்க்கோழிப் பூச்சிகள். வாரத்துக்கு இரண்டு முறை, பட்டனின் வயிற்றைவிடச் சின்னதாகப் பார்த்து ஒன்றைப் போடுவாள். பட்டன் ஒரே பாய்ச்சலில் பிடித்துவிடும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். ஜாடியில் எத்தனை மிச்சம் என்பதைக்கூடத் தினமும் எண்ணி எழுதுவாள்.

இரண்டாவது மாதத்தில் பட்டன் சாப்பிடுவதை நிறுத்தியது. போட்ட சுவர்க்கோழியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் வயிறு கறுத்துப் பளபளவென்று ஆனது. சுண்டு உடனே அந்தச் சுவர்க்கோழியை வெளியே எடுத்தாள். பாட்டில் மூடியில் தண்ணீரை நிரப்பினாள். பிறகு ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் 'உணவு தராதீர்கள்' என்று எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டினாள்.

"எனக்கும் ஒரு அட்டை எழுதிக் குடு சுண்டு. கழுத்துல மாட்டிக்கிறேன். உங்கம்மாகிட்டேயிருந்து தப்பிக்கலாம்" என்றார் அப்பா. அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அடுக்குமாடிக் கட்டடங்களில் ஏறி இறங்கி வேலை பார்த்தும் தொப்பை மட்டும் குறையவே இல்லை.

ஒன்பதாவது நாள் இரவுச் சாப்பாட்டில் அம்மா தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள்.

"என் கையால தினம் முந்நூறு பேர் சாப்பிடுறாங்க. என் வீட்டுல ஒரு குட்டி ஒன்பது நாளா வாயில ஒண்ணும் வைக்கல. எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?"

"அதுக்குப் பசிக்கலம்மா. தோல் உரிக்கப் போகுது."

"சட்டை மாத்துறதுக்கு எதுக்குடி பட்டினி?"

"பெரியவ சட்டை மாத்தி முடிக்கிறதுக்குள்ள நாம எல்லாரும்தான் பட்டினி கிடக்குறோம்" என்றார் அப்பா.

அக்கா அப்பாவை முறைத்தாள். அக்கா கல்லூரியில் படிக்கிறாள். எதற்கும் பயப்படமாட்டாள், பட்டனைத் தவிர. அந்தப் பெட்டி இருக்கும் மூலையைத் தாண்டும்போது மட்டும் ஒரு தலையணையைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு ஓடுவாள்.

"சாப்பிடுற நேரத்துல அதைப் பத்திப் பேசாதீங்க. எட்டுக் காலும் என் தட்டுல நடக்குற மாதிரியே இருக்கு" என்றாள்.

"யாரும் எதையும் போடக் கூடாது. அவ்வளவுதான்" என்றாள் சுண்டு. ஏன் போடக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. அட்டையில்தான் எழுதி ஒட்டியிருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுண்டு நீச்சல் வகுப்புக்குப் போனாள். திரும்பி வந்ததும் தலையைக்கூடத் துவட்டாமல் நேராகப் பெட்டியிடம் ஓடினாள்.

பட்டன் மல்லாந்து படுத்திருந்தது. எட்டுக் கால்களும் மேலே பார்த்திருந்தன. அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு நூல் படுக்கை. பட்டனே நெய்து விரித்துக்கொண்ட படுக்கை அது.

வேறு யாராவது பார்த்திருந்தால் செத்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். சுண்டுவுக்கோ சந்தோஷத்தில் குதிக்கத் தோன்றியது. தோல் உரிக்கும் டாரண்டுலா இப்படித்தான் மல்லாந்து படுக்கும்!

அப்போது மரப்பட்டையின் பின்னாலிருந்து மெல்லிய மீசை ஒன்று எட்டிப் பார்த்தது. நீண்டது. ஆடியது. பின்னாலேயே ஒரு தலையும் வந்தது.

சுவர்க்கோழி!

தோல் உரிக்கும்போது பட்டனால் ஓட முடியாது, கடிக்க முடியாது, காலைக்கூட ஆட்ட முடியாது. புதுத் தோல் வெண்ணெய் மாதிரி மென்மையாக இருக்கும். சுவர்க்கோழிக்கோ எதையாவது கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற நாளில் பட்டன் அதைத் தின்னும். இன்றைக்கு அது பட்டனைத் தின்றுவிடும்.

ஜாடியை எடுத்து எண்ணினாள். ஏழு. நோட்டைப் பார்த்தாள். நேற்று மாலை பத்து.

அவளுக்கு வந்த கோபத்துக்கு ஊரே கேட்கும்படி கத்தியிருப்பாள். ஆனால் போன மாதம் அப்பாவின் காபிக் கோப்பை உடைந்தபோது நடந்தது ஞாபகம் வந்தது. அன்று அம்மா கத்திய கத்தலில் மூன்று நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோப்பை தானாகவே உடைந்தது என்றுதான் இன்றுவரை பேச்சு. பட்டனுக்கு மூன்று நாள் கிடையாது.

சுண்டு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அக்கா நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"நான் யாரையும் திட்டப் போறதில்ல. பட்டன் பெட்டியில எத்தனை சுவர்க்கோழி போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ஒண்ணு தப்பிச்சு ஓடியிருக்கா, இல்ல மூணும் உள்ளேதான் இருக்கான்னு எனக்குத் தெரியணும்."

காய் நறுக்கிய கத்தி நின்றது.

"ஒண்ணே ஒண்ணுதான்டி" என்றாள் அம்மா. "சின்னதா, இளசா பார்த்துத்தான் போட்டேன்."

"நீயுமா?" என்று அப்பா செய்தித்தாளை இறக்கினார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "நானும் ஒண்ணு போட்டேன். உங்கம்மா ஒன்பது நாளா புலம்புறதைக் கேட்க முடியல."

இரண்டு பேரும் சேர்ந்து அக்காவைப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பார்க்குறீங்க?" என்றாள் அக்கா. அவள் காது சிவந்திருந்தது. "சரி, போட்டேன். பாவமா இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டுக் கரண்டியால அள்ளிப் போட்டேன்."

"எந்தக் கரண்டி?" என்றாள் அம்மா.

"அதை இப்பக் கேட்காதம்மா."

சுண்டு அம்மாவிடம் திரும்பினாள். "அம்மா, உங்க ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குப் போறவங்களுக்குச் சாப்பாடு அனுப்புவீங்களா?"

"அய்யய்யோ! அது எப்படி? முதல் நாள் ராத்திரியே நிறுத்திடுவாங்க. மீறிக் குடுத்தா உயிருக்கே..." அம்மா பாதியில் நிறுத்தினாள். கண்கள் பெட்டி இருந்த மூலையைப் பார்த்தன. "பட்டனுக்கும் அப்படியா?"

"இப்ப அதுக்குப் பல்லுகூடக் கழண்டு புதுசா வருதும்மா. அந்த மூணும் அதைக் கடிச்சுடும்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, கண்ணு?" என்றாள் அம்மா. அவள் குரல் இறங்கிவிட்டது.

சொல்லியிருக்கலாம்தான். சுண்டுவுக்கும் அப்போதுதான் உறைத்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பெட்டியைக் கவிழ்த்து உதறலாம் என்றார் அப்பா. கையை விட்டுப் பிடித்துவிடுகிறேன் என்றாள் அம்மா. மாமாவுக்கு போன் செய்யலாம் என்றாள் அக்கா. திரும்பத் திரும்பச் செய்தும் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"பெட்டி ஆடக் கூடாது. பட்டனை யாரும் தொடவும் கூடாது. நான் எடுக்குறேன்" என்றாள் சுண்டு.

அவள் இரண்டு மாதமாகச் சுவர்க்கோழிகளையும்தான் வளர்த்திருக்கிறாள். அவற்றுக்கு இரண்டு விஷயத்தில் ஆசை அதிகம் என்று அவளுக்குத் தெரியும். ஒன்று, நுழைந்துகொள்ள ஓர் இருட்டுப் பொந்து. இன்னொன்று, கேரட்.

பழைய அட்டை ஒன்றை விரல் பருமனுக்குக் குழலாகச் சுருட்டினாள். ஒரு பக்கத்தை அடைத்தாள். அம்மா நறுக்கி வைத்திருந்த கேரட்டில் ஒரு துண்டை உள்ளே போட்டாள். அப்பாவின் கருவிப் பையிலிருந்து இரண்டு சாமான்களை எடுத்துக்கொண்டாள். ஒன்று, லிஃப்டுக்கு அடியில் விழும் திருகாணிகளை எடுக்க உதவும் நீளக் கம்பி. பின்னால் அழுத்தினால் முன்னால் நகம் மாதிரி விரியும். இன்னொன்று, நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி.

"டார்ச் யாரு பிடிக்கிறீங்க?"

அம்மா ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்பாவின் தொப்பை மேஜையில் இடித்துப் பெட்டி ஆடிவிடும் போலிருந்தது. அக்கா கையை நீட்டினாள்.

"குடு. ஆனா நான் பார்க்க மாட்டேன்."

சுண்டு மூடியை மெல்லத் திறந்தாள். கம்பியால் குழலைப் பிடித்து, பட்டனுக்கு எட்டாத மூலையில் இறக்கி வைத்தாள். பிறகு காத்திருந்தாள்.

காத்திருப்பது என்றால் சும்மா இல்லை. அப்பா தும்மல் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டி சுண்டுவின் கழுத்தில் இறங்கியது. அவள் அசையவில்லை.

முதல் சுவர்க்கோழி குழலை மோப்பம் பிடித்தது. உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் வந்தது. கம்பியால் குழலைத் தூக்கி, வாயை விரலால் அடைத்து, ஜாடிக்குள் தட்டினாள். ஜாடியில் இப்போது ஒன்பது.

குழலை மறுபடியும் அதே மூலையில் வைத்தாள். மூன்றாவது வரவே இல்லை.

சுண்டு குட்டிக் கண்ணாடியை இறக்கி மரப்பட்டைக்குப் பின்னால் பார்த்தாள். அங்கேதான் இருந்தது. பட்டனின் காலுக்கும் அதன் மீசைக்கும் நடுவில் ஒரு விரல் தூரம்கூட இல்லை. அது எதையோ மும்முரமாகக் கொறித்துக்கொண்டிருந்தது.

ஏதோ ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

"அம்மா, உள்ளே கேரட் எப்படி வந்துச்சு?" என்று சுண்டு மெதுவாகக் கேட்டாள்.

அம்மா திருதிருவென்று விழித்தாள். "அந்தப் பூச்சிக்கும் பசிக்குமேன்னு... ஒரு துண்டுதான் போட்டேன்."

தும்மிவிட்டுத் திரும்பிய அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சுண்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேரட் இருக்கும்வரை இந்தச் சுவர்க்கோழி குழலைத் திரும்பிப் பார்க்காது. கேரட் தீர்ந்தால் அடுத்து பட்டன்தான்.

கேரட் இருக்கும்வரை! சுண்டுவுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. குழலிடம் சுவர்க்கோழி வராவிட்டால் என்ன? கேரட் வரட்டும்.

கம்பியை மரப்பட்டைக்குப் பின்னால் கொண்டுபோனாள். பட்டனின் காலில் பட்டுவிடாமல், நூல் படுக்கையை உரசிவிடாமல், மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். கம்பியின் நகம் கேரட்டைக் கவ்வியது. ஓர் அரிசி நீளத்துக்கு இழுத்தாள். நிறுத்தினாள்.

சுவர்க்கோழி திகைத்து நின்றது. பிறகு ஓர் அடி வைத்து மறுபடியும் கொறிக்க ஆரம்பித்தது.

இன்னும் ஓர் அரிசி நீளம். நிறுத்தம். சுவர்க்கோழி வந்தது. இன்னும் ஓர் அரிசி நீளம்.

பாதி வழியில் சுண்டுவின் கை வலித்து நடுங்கத் தொடங்கியது. கம்பியின் நுனியும் நடுங்கியது. இப்போது கை தவறினால் அவ்வளவுதான். விட்டுவிடலாமா என்று ஒரு நொடிகூட அவள் நினைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது அவளுடைய முழங்கைக்கு அடியில் ஒரு கை வந்து தாங்கியது. ஈரச் சாயம் பூசிய நகங்கள். அக்கா! கண்களை அகலத் திறந்து, பெட்டிக்குள் பார்த்தபடி நின்றாள். மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை.

"நான் பிடிச்சுக்கிறேன். நீ இழு" என்று கிசுகிசுத்தாள்.

சுண்டு இழுத்தாள். மூலைவரை இழுத்தாள். கம்பியால் தள்ளியதும் கேரட் குழலுக்குள் போனது. சுவர்க்கோழியும் பின்னாலேயே போனது. அவள் குழலைத் தூக்கிய வேகத்தில் அம்மா ஜாடியை நீட்டினாள்.

பத்து!

சுண்டு மூடியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போதுதான் அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு எழுந்தபோது, "இங்க பாரு, இங்க பாரு" என்று அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பட்டனின் முதுகுப் பக்கம் ஒரு டப்பாவின் மூடி மாதிரி திறந்திருந்தது. பழைய கால்களுக்குள்ளிருந்து புதிய கால்கள் மெல்ல மெல்ல வெளியே வந்தன. ஈரக் காலுறையைக் கழற்றுவது போல, கொஞ்சம் இழுப்பதும் கொஞ்சம் ஓய்வெடுப்பதுமாக வந்தன.

"பாவம், எவ்வளவு கஷ்டப்படுது. நாம கொஞ்சம் கை குடுக்கலாமா?" என்றாள் அம்மா.

"வேண்டாம்மா. அதுவே வந்துடும்."

நால்வரும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். அன்று அந்த வீட்டில் மதியச் சாப்பாடு இரண்டு மணி நேரம் தாமதமானது. அம்மாவுக்கே அது நினைவில் இல்லை. தபால்காரருக்கு அன்று விடுமுறை என்பது நல்லதாகப் போயிற்று.

கடைசிக் காலும் வெளியே வந்ததும் பட்டன் களைத்துப் போய்க் கிடந்தது. பக்கத்தில் பழைய தோல், எட்டுக் கால்களோடு அப்படியே இருந்தது.

"ஐயோ! ரெண்டாயிடுச்சு!" என்று அலறிய அக்கா, ஓடிப்போய்த் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மாலையில் மாமா வந்தார். பூச்சிக் கட்டடத்துக்குள் போனால் போனை வெளியே வைத்துவிட வேண்டுமாம். பன்னிரண்டு அழைப்புகளைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு வந்திருந்தார். பெட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு சுண்டுவின் நோட்டைப் படித்தார். அவள் எதையும் மறைக்காமல் எழுதியிருந்தாள். பெட்டிக்குள் மூன்று சுவர்க்கோழிகள் போய்விட்டன, மூன்றையும் எடுத்துவிட்டேன், ஏன் போடக் கூடாது என்று வீட்டில் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

"யாரு போட்டது?" என்றார் மாமா.

"பட்டனுக்குப் பசிக்குதுன்னு நினைச்சவங்க" என்றாள் சுண்டு.

மாமா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். அக்கா நகத்தைப் பார்த்தாள்.

"நான்தான்டா போட்டேன்" என்றாள் அம்மா. "கேரட்டையும் சேர்த்துப் போட்டேன். திட்டணும்னா என்னைத் திட்டு. ஆனா பட்டனை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதே. என் பொண்ணு கல்லு மாதிரி நின்னு காப்பாத்தியிருக்கா."

"நான் எதுக்குக்கா எடுத்துட்டுப் போகணும்?" என்று மாமா சிரித்தார். நோட்டை மூடிச் சுண்டுவின் கையில் கொடுத்தார். "பட்டனோட சொந்தக்காரிகிட்ட கேட்காம நான் எப்படி எடுக்க முடியும்?"

சுண்டு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அதன் பிறகும் பட்டனுக்குப் பத்து நாள் சாப்பாடு கிடையாது. புதுப் பல் வெள்ளையாக, மெத்தென்று இருந்தது. அது கறுத்துக் கெட்டியாக வேண்டும் என்று சுண்டு இந்த முறை எல்லாருக்கும் விளக்கமாகச் சொன்னாள். அம்மா தினமும் வேலைக்குக் கிளம்பும்போது பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கா?" என்று கேட்பாள். "இன்னைக்கு இல்லம்மா" என்பாள் சுண்டு. அம்மா பெருமூச்சு விட்டுவிட்டுப் போவாள். ஜாடிக்குள் மட்டும் தினமும் ஒரு கேரட் துண்டு கூடுதலாக விழுந்தது.

பதினோராம் நாள் மாலையில் சுண்டு அம்மாவைக் கூப்பிட்டாள். இடுக்கியில் ஒரு சின்னச் சுவர்க்கோழியைப் பிடித்து அவளிடம் நீட்டினாள்.

"நீயே போடும்மா."

அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து இடுக்கியை வாங்கினாள். முந்நூறு பேருக்குச் சமைத்த கை, அந்த ஒன்றை மெல்ல மெல்ல உள்ளே இறக்கியது. பட்டன் இப்போது ஒரு சுற்றுப் பெரிதாக, புத்தம் புதிதாக மினுங்கியது. சுவர்க்கோழி விழுந்ததுதான் தெரியும். ஒரே பாய்ச்சல்!

"சாப்பிட்டுடுச்சு! சாப்பிட்டுடுச்சுடி!" அம்மா கூவிய கூவலில் அப்பாவும் அக்காவும் ஓடிவந்தார்கள். அக்கா தலையணையை மறந்தே போயிருந்தாள்.

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடனே ஜாடியின் பக்கம் கையை நீட்டினாள்.

"இன்னொண்ணு வைக்கவா?"

"போதும்மா. பட்டனுக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு."

அம்மா சுண்டுவையும் பார்த்தாள், பட்டனையும் பார்த்தாள்.

"அதுவா சொல்லுச்சு?" என்றாள்.